எது சிஸ்டம் கால், எது கெர்னலின் சொந்த ஃபங்ஷன்?

கேள்வி இது. எக்ஸ்வி6 என்ற பயிற்சி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலை, அதாவது மையப் பகுதியை, படிக்கும் ஒரு மாணவர், காலியாக உள்ள மெமரி எவ்வளவு என்று தன் புரோகிராமில் அச்சிட்டுப் பார்க்க நினைக்கிறார். கெர்னலின் கேஅலாக்.சி கோப்பில் காலிப் பக்கங்களின் (4096 பைட் மெமரித் துண்டுகளின்) பட்டியல் இருப்பதைக் கண்டு, அவற்றை எண்ணும் ஃபங்ஷன் ஒன்றை அங்கேயே எழுதி, கெர்னலின் அறிவிப்புக் கோப்பான டெஃப்ஸ்.எச்-இல் அறிவித்து, யூசர் புரோகிராமிலிருந்து அழைத்தார். கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்த்து ஒரே பைனரியாக்கும் லிங்கர், 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (இந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை) என்று சொல்லி நின்றுவிட்டது. "புதிய புராசஸை (ஓடும் புரோகிராமை) உருவாக்கும் ஃபோர்க்கை அழைக்க முடிகிறது, தூங்க வைக்கும் ஸ்லீப்பை அழைக்க முடிகிறது. அவையும் கெர்னல் ஃபங்ஷன்கள்தானே? இதை மட்டும் ஏன் முடியவில்லை? கெர்னலில் நூற்றுக்கணக்கில் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. எதை வெளியிலிருந்து அழைக்கலாம், எதை அழைக்க முடியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்கிறார்.

முதலில் அந்த "அவையும் கெர்னல் ஃபங்ஷன்கள்தானே" என்ற இடத்தைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் உங்கள் புரோகிராமில் அழைக்கும் ஸ்லீப் வேறு, கெர்னலுக்குள் இருக்கும் ஸ்லீப் வேறு. பெயர் ஒன்று, ஆள் வேறு. உங்கள் குழப்பம் முழுவதும் இந்தப் பெயர் ஒற்றுமையில்தான் தொடங்குகிறது. அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யூசர் புரோகிராம் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் முறையான வழிதான் சிஸ்டம் கால். கேட்க வேண்டியது ஒன்றே: இதற்குச் சிஸ்டம் கால் அட்டவணையில் ஓர் எண் இருக்கிறதா? எண் இருந்தால் வெளியிலிருந்து வரலாம். இல்லையென்றால் அது கெர்னலின் சொந்த வேலை.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

எக்ஸ்வி6 என்பது யூனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி, எம்.ஐ.டி.யில் 2006-இல் பாடத்துக்காக எழுதப்பட்ட சிறிய கெர்னல். இப்போது பெரும்பாலும் பயன்படுவது அதன் ரிஸ்க்-ஃபைவ் வடிவம். அதில் நீங்கள் 'மேக்' கொடுக்கும்போது கெர்னல் ஒரு பைனரியாகிறது. கேட், எல்எஸ், ஷெல் போன்ற ஒவ்வொரு யூசர் புரோகிராமும் தனித்தனி பைனரியாகிறது. மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்: யூசர் புரோகிராமுடன் சேர்ப்பது யூலிப், யூசிஸ், பிரின்ட்எஃப், யூமாலக் என்ற நான்கு ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும்தான். கேஅலாக்.ஓ அந்த வரிசையில் இல்லை. ஆகவே லிங்கருக்கு உங்கள் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நீங்கள் பார்த்த பிழைக்கு இவ்வளவுதான் காரணம். இதில் புராசஸரின் பாதுகாப்பு இன்னும் வரவேயில்லை.

"சரி, முகவரியை நானே கண்டுபிடித்து அங்கே குதித்தால்?" என்று அடுத்து தோன்றும். செய்து பார்க்கலாம், நல்ல பயிற்சி. எக்ஸ்வி6 கெர்னல் ஹெக்ஸில் 80000000 என்ற முகவரியிலிருந்து ஏற்றப்படுகிறது. கெர்னலின் சிம்பல் கோப்பில் உங்கள் ஃபங்ஷனின் சரியான முகவரியே இருக்கும். அதை ஃபங்ஷன் பாயிண்டராக மாற்றி அழைத்தால், திரையில் 'யூசர்டிராப்: அன்எக்ஸ்பெக்டட் எஸ்காஸ்' என்ற செய்தி வரும். உங்கள் புராசஸ் அங்கேயே கொல்லப்படும். எந்த முகவரிக்கு எந்த மெமரிப் பக்கம் என்று குறித்து வைக்கும் உங்கள் புராசஸின் பேஜ் டேபிளில் அந்த முகவரிக்கு எந்தப் பக்கமும் இணைக்கப்படவில்லை என்பதே காரணம். லினக்ஸில் இதையே செய்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வரும். அங்கே நெடுங்காலம் கெர்னலின் பக்கங்கள் ஒவ்வொரு புராசஸின் பேஜ் டேபிளிலும் இருந்தன, ஆனால் யூசர் நிலையில் தொட முடியாதபடி குறியிடப்பட்டிருந்தன. 2018 தொடக்கத்தில் மெல்ட்டவுன் என்ற புராசஸர் பாதுகாப்புக் குறைபாடு வெளியான பிறகு, பாதிக்கப்பட்ட புராசஸர்களில் யூசர் நிலையில் ஓடும்போது அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றை இணைப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆக, குதித்துப் போக வழியில்லை. பிறகு ஸ்லீப் மட்டும் எப்படிப் போகிறது? அதை அடிக்கு அடி பின்தொடர்ந்து பார்ப்போம். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் புரோகிராமில் ஸ்லீப்(10) என்று எழுதுகிறீர்கள். இங்கே அழைக்கப்படும் ஸ்லீப், யூசிஸ்.எஸ் கோப்பில் உள்ள மூன்று வரி அசெம்பிளி. ஏ7 என்ற ரெஜிஸ்டரில், அதாவது புராசஸருக்குள் உள்ள சிறிய சேமிப்பிடத்தில், 13 என்ற எண்ணை வைக்கிறது. 'ஈகால்' என்ற ஆணையை இடுகிறது. பிறகு திரும்பிவிடுகிறது. அவ்வளவே. தூங்க வைக்கும் வேலை எதுவும் அதில் இல்லை. நீங்கள் கொடுத்த 10 ஏற்கெனவே ஏ0 ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருக்கிறது.

ஈகால் ஓடியவுடன் புராசஸர், கெர்னல் ஓடும் சூப்பர்வைசர் நிலைக்கு மாறி, கெர்னல் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் ஒரே ஒரு முகவரிக்குப் போகிறது. இந்த இடத்தைக் கவனியுங்கள். எங்கே போவது என்று யூசர் புரோகிராம் சொல்ல முடியாது. ஃபோர்க்குக்கு ஒரு முகவரி, ரீடுக்கு ஒரு முகவரி என்று கிடையாது. எல்லாருக்கும் ஒரே வாசல். உங்கள் கையில் இருப்பது ஏ7-இல் வைத்த எண் மட்டும். அந்த வாசலில் உள்ள சிறிய அசெம்பிளி, உங்கள் 31 ரெஜிஸ்டர்களையும் 'டிராப்ஃபிரேம்' என்ற பக்கத்தில் சேமித்து, கெர்னலின் பேஜ் டேபிளுக்கு மாறி, யூசர்டிராப் என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைக்கிறது. அது எஸ்காஸ் ரெஜிஸ்டரைப் பார்க்கும். அதில் 8 இருந்தால் வந்தது ஈகால் மூலம் என்று பொருள். திரும்பும்போது அதே ஈகாலை மறுபடி ஓட்டிவிடக்கூடாது என்பதால் திரும்பும் முகவரியில் 4-ஐக் கூட்டிவிட்டு, சிஸ்கால் என்ற ஃபங்ஷனை அழைக்கும்.

சிஸ்கால்.சி கோப்பில் இருக்கும் அந்த ஃபங்ஷன்தான் உங்கள் கேள்விக்கான விடை. பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும், இன்றே ஒருமுறை படித்துவிடுங்கள். டிராப்ஃபிரேமிலிருந்து ஏ7-ஐ எடுக்கிறது. எண் பூஜ்யத்துக்கு மேலா, அட்டவணையின் எல்லைக்குள்ளா, அந்த இடத்தில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதை அழைத்து, கிடைத்த விடையை ஏ0-இல் போடுகிறது. இல்லையென்றால் 'அன்நோன் சிஸ் கால்' என்று அச்சிட்டுவிட்டு -1 திருப்புகிறது. அடிப்படை எக்ஸ்வி6-இல் அந்த அட்டவணையில் 21 இடங்கள். 1 ஃபோர்க், 2 எக்ஸிட், 3 வெயிட் என்று தொடங்கி 21 குளோஸ் வரை. கெர்னலில் எத்தனை நூறு ஃபங்ஷன்கள் இருந்தாலும், சிஸ்டம் கால் மூலம் வெளியிலிருந்து தொடக்கூடியவை இந்த 21 மட்டும்தான்.

நம் எண் 13. அட்டவணையில் 13-ஆவது இடத்தில் இருப்பது சிஸ்_ஸ்லீப். அது ஆர்க்இன்ட் மூலம் உங்கள் 10-ஐ எடுத்துக்கொள்கிறது. எண் எதிர்மறையாக இருந்தால் பூஜ்யமாக்கிவிடும். இது பின்னாளில் சேர்த்த வரி. ஏன் தேவைப்பட்டது தெரியுமா? கடிகாரத் துடிப்புகளை எண்ணும் மாறி குறியற்ற 32 பிட் எண். ஒருவர் ஸ்லீப்(-1) என்று அழைத்தால், ஒப்பிடும் இடத்தில் அந்த -1, நானூறு கோடிக்கும் மேற்பட்ட ஒரு எண்ணாக மாறிவிடும். புராசஸ் கிட்டத்தட்ட முடிவில்லாமல் தூங்கும். வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே என்ற விதி இந்த ஒற்றை வரியில் தெரிகிறது.

அதன் பிறகு சிஸ்_ஸ்லீப் ஒரு பூட்டை (ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுப்பது) எடுத்துக்கொண்டு, தேவையான துடிப்புகள் கடக்கும்வரை ஒரு சுழற்சியில் கெர்னலின் உள் ஸ்லீப்பை அழைக்கிறது. இந்த உள் ஸ்லீப்பைத்தான் நீங்கள் டெஃப்ஸ்.எச்-இல் பார்த்தீர்கள். அது நேரத்தையே கேட்பதில்லை. எந்தச் சேனலில், அதாவது எந்த நிகழ்வுக்காக, காத்திருக்க வேண்டும், கையில் எந்தப் பூட்டு இருக்கிறது என்ற இரண்டைக் கேட்கிறது. அழைப்பவர் அந்தப் பூட்டை ஏற்கெனவே பிடித்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். பிடிக்காத பூட்டைக் கொடுத்தால் ரிலீஸ் ஃபங்ஷன் 'பேனிக்' ஆகி மெஷின் முழுவதும் நின்றுவிடும். யூசர் புரோகிராம்கள் இதை நேராக அழைக்க முடிந்தால், யார் எழுதிய ஒரு வரியும் மெஷினை நிறுத்திவிடும்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இருக்கிறது. சிஸ்டம் காலுக்கும் உள் ஃபங்ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை "எட்டும், எட்டாது" என்று மட்டும் படித்துவிட்டு நிறையப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள். ஆழமான வித்தியாசம் நம்பிக்கையில் இருக்கிறது. வங்கிக்குப் போனால் நாம் கவுன்டருக்கு வெளியே நின்று சலானை நீட்டுகிறோம். உள்ளே இருப்பவர் கணக்கு எண், கையெழுத்து, தொகை எல்லாவற்றையும் சரிபார்க்கிறார். உள்ளே ஓர் ஊழியர் பக்கத்து மேசைக்கு ஒரு கட்டைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கையெழுத்தைச் சரிபார்ப்பதில்லை. கவுன்டரிலேயே பார்த்தாயிற்று. சிஸ்டம் கால் அந்தக் கவுன்டர். உள் ஃபங்ஷன் பக்கத்து மேசை.

கோப்பைப் படிக்கும் ரீடை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவது 3 என்ற ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்), ஒரு முகவரி, ஒரு நீளம். மூன்றும் வெறும் எண்கள். சிஸ்_ரீட் முதலில் ஆர்க்எஃப்டி மூலம் அந்த 3-ஐச் சோதிக்கிறது: பூஜ்யத்துக்குக் குறைவா, 16 என்ற எல்லையைத் தாண்டுகிறதா, இந்தப் புராசஸில் அந்த இடத்தில் திறந்த கோப்பு இருக்கிறதா? எல்லாம் சரியென்றால்தான் அது ஒரு உண்மையான ஃபைல் ஸ்ட்ரக்ட் பாயிண்டராக மாறி ஃபைல்ரீடுக்குப் போகிறது. ஃபைல்ரீட் அந்தப் பாயிண்டரை மறுபடி சந்தேகிப்பதில்லை. அதற்கும் உள்ளே ரீட்ஐ இருக்கிறது. ஐநோடின் (டிஸ்கில் உள்ள ஒரு கோப்பைக் குறிக்கும் பதிவின்) பூட்டு தன்னை அழைத்தவரிடம் இருக்கிறது என்று நம்பியே அது ஓடுகிறது. நீங்கள் கொடுத்த முகவரி மட்டும் கடைசிவரை சந்தேகத்துக்குரியதாகவே நடத்தப்படுகிறது. டேட்டாவை அங்கே எழுதும் காப்பிஅவுட், அந்தப் பக்கம் உண்மையில் உங்களுக்குச் சொந்தமா என்று பேஜ் டேபிளில் பார்த்த பிறகே எழுதும். லினக்ஸில் இதே வேலையைச் செய்வது காப்பி_டு_யூசர், காப்பி_ஃபிரம்_யூசர். ஒரு ஃபங்ஷனுக்குள் இவை நேராகப் புழங்குவதைக் கண்டால், நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்வி6-இல் இன்னொரு அடையாளம் உண்டு. அட்டவணையில் உள்ள சிஸ்_ ஃபங்ஷன்கள் எதற்கும் ஆர்கியுமென்ட் கிடையாது, எல்லாமே 'வாய்ட்'. ஆர்கியுமென்ட்கள் டிராப்ஃபிரேமில் இருக்கின்றன, தேவையானதை அவையே போய் எடுத்துக்கொள்கின்றன. ஒரு ஃபங்ஷன் ஸ்ட்ரக்ட் பாயிண்டரை ஆர்கியுமென்டாக வாங்கினால், அது சிஸ்டம் கால் அட்டவணையில் இருக்க வாய்ப்பே இல்லை.

சரி, யூசர் புரோகிராம்களுக்கான அறிவிப்புக் கோப்பான யூசர்.எச்-ஐப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பாதிதான் போதும். அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மேலே சிஸ்டம் கால்கள், கீழே யூலிப் போன்ற லைப்ரரிக் கோப்புகளில் உள்ளவை. எஸ்டிஆர்லென், மெம்செட், பிரின்ட்எஃப், மாலக் எல்லாம் இரண்டாம் பகுதி. இவை கெர்னலைத் தொடாத சாதாரண சி ஃபங்ஷன்கள், அல்லது தேவைப்படும்போது மட்டும் உள்ளே ஒரு சிஸ்டம் காலைச் செய்பவை. இங்கே குழப்பம் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் மெம்செட்டும் எஸ்டிஆர்லெனும் பிரின்ட்எஃபும் கெர்னலிலும் இருக்கின்றன. அவை தனிப் பிரதிகள். கெர்னலின் பிரின்ட்எஃப் நேராகக் கன்சோலுக்கு எழுதும். யூசர் பிரின்ட்எஃப், எக்ஸ்வி6-இல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை ரைட் சிஸ்டம் காலைச் செய்யும். ஐந்து எழுத்துச் சொல்லும் ஒரு புதுவரிக் குறியும் என்றால் ஆறு தடவை கெர்னலுக்குள் போய்வருகிறது. இரண்டு புராசஸ்கள் ஒரே நேரத்தில் அச்சிட்டால் எழுத்துகள் பின்னிக்கொள்வது இதனால்தான்.

மாலக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நேர்முகத் தேர்வில்கூட இதில் தடுமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலக் சிஸ்டம் கால் கிடையாது. கையில் உள்ள மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் லைப்ரரி ஃபங்ஷன் அது. தீர்ந்துபோனால் எக்ஸ்வி6-இல் எஸ்பிஆர்கே, லினக்ஸில் பிஆர்கே அல்லது எம்மேப் மூலம் கெர்னலிடம் மொத்தமாக வாங்கி வரும். கெர்னலுக்குள் கேமாலக் என்று ஒன்று லினக்ஸில் இருக்கிறது. அதற்கும் மாலக்குக்கும் நேர்த் தொடர்பே இல்லை.

லினக்ஸுக்கு வந்தாயிற்று, அங்கே இதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். புராக் கோப்பு முறையில் கால்சிம்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் கெர்னலின் சிம்பல்கள் எல்லாம் வரிசையாக வரும், லட்சத்தைத் தாண்டும். சாதாரண யூசராகப் பார்த்தால் முகவரிகள் பூஜ்யங்களாகத் தெரியும், அது வேண்டுமென்றே மறைத்தது. இந்த லட்சத்தில் வாசல் உள்ளவை எக்ஸ்86-64-இல் 350-க்குச் சற்று மேல். மூலநிரலில் அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, ஆர்ச் அடைவின் கீழ் சிஸ்கால்_64.டிபிஎல் என்ற கோப்பு. அதில் 0 ரீட், 1 ரைட், 2 ஓபன், 3 குளோஸ் என்று எண்ணும் பெயரும் வரிசையாக இருக்கும். இன்னொன்று, சிஸ்கால்_டிஃபைன் என்று தொடங்கும் மேக்ரோ. அதன் முடிவில் உள்ள எண், ஆர்கியுமென்ட்கள் எத்தனை என்பதைச் சொல்லும். ஒரு ஃபங்ஷன் இந்த மேக்ரோ இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அது உள் ஃபங்ஷன்தான். விஎஃப்எஸ்_ரீட், ஷெட்யூல், பிரின்ட்கே எல்லாம் அப்படி. எண்கள் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ரீட் என்பது 32 பிட் எக்ஸ்86-இல் 3, எக்ஸ்86-64-இல் 0, 64 பிட் ஆர்ம்மில் 63.

மூலநிரலைத் தொடாமல் பார்க்க வேண்டும் என்றால் மேன் பக்கங்கள். இரண்டாம் பிரிவு சிஸ்டம் கால், மூன்றாம் பிரிவு லைப்ரரி. ரீட் இரண்டில் இருக்கும், மாலக் மூன்றில் இருக்கும். இது நல்ல வழிகாட்டி, ஆனால் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஃபோர்க் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. எக்ஸ்86-64 லினக்ஸில் ஃபோர்க் செய்யும் புரோகிராமை, சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியில் ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க் என்று ஒரு வரிகூட வராது, குளோன் என்று வரும். சி லைப்ரரி உள்ளே குளோனைத்தான் அழைக்கிறது. எக்ஸிட் என்று எழுதினால் எக்ஸிட்_குரூப் போகிறது. கிளாக்_கெட்டைம் என்று எழுதினால் பெரும்பாலும் எஸ்ட்ரேஸில் எதுவுமே வராது. நேரம் பார்ப்பதற்கான சிறிய துண்டு நிரலைக் கெர்னலே ஒவ்வொரு புராசஸின் மெமரியிலும் வைத்துவிடுகிறது, விடிஎஸ்ஓ என்பார்கள். கெர்னலுக்குள் போகாமலே விடை கிடைத்துவிடுகிறது. அதனால் சந்தேகம் வந்தால் எஸ்ட்ரேஸ் சொல்வதை நம்புங்கள். வாசலில் நின்று எண்ணுவது அதுதான்.

எக்ஸ்போர்ட்_சிம்பல் என்ற மேக்ரோவும் பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது. எக்ஸ்போர்ட் என்றவுடன் வெளியே, அதாவது யூசர் புரோகிராமுக்குத் திறந்துவிட்டார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. கெர்னல் மாட்யூல்களுக்கு, அதாவது ஏற்கெனவே கெர்னல் நிலையில் ஓடும் டிரைவர் போன்றவற்றுக்குத் திறந்துவிட்டது என்றே பொருள். கேமாலக், பிரின்ட்கே போன்றவை டிரைவர் எழுதுபவருக்குக் கிடைக்கும், உங்கள் சி புரோகிராமுக்குக் கிடைக்காது.

இந்த இரண்டு உறவுகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதை வேலையில்தான் நான் உணர்ந்தேன். நான் இருந்த ஒரு குழுவில், பழைய மாட்யூல் ஒன்று எக்ஸ்போர்ட் செய்யப்படாத உள் ஃபங்ஷன் ஒன்றின் முகவரியைக் கால்சிம்ஸ்_லுக்அப்_நேம் மூலம் தேடி எடுத்து அழைத்துக்கொண்டிருந்தது. 2020-இல் வந்த 5.7 கெர்னலில் அந்தத் தேடும் ஃபங்ஷனையே மாட்யூல்களுக்கு எக்ஸ்போர்ட் செய்வதை நிறுத்திவிட்டார்கள். மாட்யூல் ஏறவில்லை. அதைச் சரிசெய்ய வாரக்கணக்கானது. அதே மெஷினில், அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த ஒரு யூசர் புரோகிராம், கெர்னல் மாறியதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரங்களில் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் லினக்ஸ் கொடுத்த வாக்கு சிஸ்டம் கால்களுக்குத்தான். உள் ஃபங்ஷன்களை எந்தப் பதிப்பிலும் மாற்றலாம், நீக்கலாம் என்று கெர்னலின் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்குக் கொடுக்காத இடத்தில் நாங்கள் வீடு கட்டியிருந்தோம்.

அதற்கு முன்பே, 2018-இல் வந்த 4.17-இல், கெர்னலின் மற்ற பகுதிகள் சிஸ்_ என்று தொடங்கும் ஃபங்ஷன்களை அழைப்பதை ஒழிக்கும் வேலை நடந்தது. எக்ஸ்86-64-இல் அந்த ஃபங்ஷன்கள் ஆர்கியுமென்ட்களை நேராக வாங்காமல், சேமித்த ரெஜிஸ்டர்களின் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி மாறின. எக்ஸ்வி6-இல் நாம் பார்த்த அதே அமைப்பு! உள்ளிருப்பவருக்கு அதே வேலை வேண்டுமென்றால் கேசிஸ்_ரீட், விஎஃப்எஸ்_ரீட் போன்ற உள் ஃபங்ஷன்கள் உண்டு. வெளியாட்களின் கவுன்டரை ஊழியர்கள் பயன்படுத்தக்கூடாது என்று கோடு போட்டாயிற்று.

எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டமும் எண்ணுக்கே வாக்குக் கொடுப்பதில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் சிஸ்டம் கால் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. அங்கே நம்பத்தக்க எல்லை, ஆவணப்படுத்தப்பட்ட லைப்ரரி ஃபங்ஷன்கள்தான். மேக்ஓஎஸ்ஸிலும் அப்படியே. கோ மொழி முதலில் அங்கே எண்களை வைத்து நேராகக் கெர்னலை அழைத்தது. 2016-இல் சியரா பதிப்பு வந்தபோது நேரம் கேட்கும் அழைப்பின் நடைமுறை மாறி, கோ புரோகிராம்கள் உடைந்தன. பிறகு கோ சிஸ்டம் லைப்ரரி வழியாகப் போகும்படி மாற்றப்பட்டது.

எண் இல்லாமலும் கெர்னலுக்குள் சில வேலைகளைத் தூண்ட முடியும். இணைக்கப்படாத ஒரு பக்கத்தைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் வந்து கெர்னல் ஓடும். டிவைஸ்களுக்கு ஆணையிடும் ஐஆக்டல் என்ற சிஸ்டம் காலின் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான டிரைவர் ஆணைகள் ஒளிந்திருக்கின்றன. அப்போதும் உள் ஃபங்ஷனை நீங்கள் அழைப்பதில்லை. வாசலில் நின்று கேட்கிறீர்கள், உள்ளே எதை அழைப்பது என்று கெர்னல் முடிவு செய்கிறது.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். காலி மெமரியை எண்ண வேண்டும். நீங்கள் எழுதிய ஃபங்ஷனை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அது இருக்க வேண்டிய இடம் கேஅலாக்.சி-தான். அந்தக் காலிப் பட்டியலை வைத்திருக்கும் கேமெம்மின் பூட்டை எடுத்துக்கொண்டு பட்டியலை நடந்து எண்ணுங்கள், பூட்டை விடுங்கள், எண்ணிக்கையை 4096-ஆல் பெருக்கித் திருப்புங்கள். பூட்டு இல்லாமல் நடந்தால், வேறொரு புராசஸர் அதே நேரத்தில் பக்கம் எடுக்கும்போது நீங்கள் நிற்கும் பக்கமே காலால் தட்டிவிடப்படும். இதன் அறிவிப்பு டெஃப்ஸ்.எச்-இல் இருப்பது சரிதான். கெர்னலுக்குள் உள்ள மற்றக் கோப்புகளுக்காக அது.

அதற்கு ஒரு வாசல் வைக்க ஐந்து இடங்களைத் தொட வேண்டும். சிஸ்கால்.எச்-இல் 22 என்ற எண். சிஸ்கால்.சி-யில் எக்ஸ்டர்ன் அறிவிப்பும் அட்டவணையில் ஓர் இடமும். சிஸ்பிராக்.சி-யில் சிஸ்_ என்று தொடங்கும் ஒரு சிறிய ஃபங்ஷன், அது உங்கள் எண்ணும் ஃபங்ஷனை அழைத்து விடையைத் திருப்பினால் போதும். யூசர்.எச்-இல் அறிவிப்பு. யூசிஸ்.எஸ்-ஐ உருவாக்கும் யூசிஸ்.பிஎல்-இல் ஒரு வரி. எதை மறந்தீர்கள் என்பதைப் பிழையே காட்டிக்கொடுக்கும். யூசர்.எச்-ஐ மறந்தால் கம்பைலர் திட்டும். யூசிஸ்.பிஎல்-ஐ மறந்தால் நீங்கள் முதலில் பார்த்த அதே லிங்கர் பிழை வரும். அட்டவணையை மட்டும் மறந்தால் எல்லாம் நன்றாகக் கம்பைல் ஆகி, ஓடும்போது 'அன்நோன் சிஸ் கால் 22' என்று வரும்.

காலிப் பக்கம் ஒன்றை எடுத்துத் தரும் கேஅலாக் ஃபங்ஷனையே வெளியே திறந்துவிட்டால் என்ன என்று தோன்றினால், வேண்டாம். அது திருப்புவது கெர்னலின் பேஜ் டேபிளில் மட்டும் பொருள் உள்ள முகவரி. உங்கள் புராசஸ் அதைத் தொட்டவுடன் கொல்லப்படும். அதோடு அந்தப் பக்கம் யாருடையது என்று எங்கும் பதிவாகாததால், புராசஸ் முடிந்தாலும் திரும்பி வராது. மெமரி வேண்டுமென்றால் அதற்கு எஸ்பிஆர்கே இருக்கிறது. அது பக்கத்தை எடுத்து, உங்கள் பேஜ் டேபிளில் இணைத்து, நீங்கள் முடியும்போது திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்கிறது.

எல்லாம் முடிந்ததும் இப்படிச் சோதியுங்கள். எக்ஸ்வி6 தனக்கு 128 எம்பி மெமரி இருப்பதாக வைத்துக்கொள்கிறது, 4096 பைட் பக்கங்களாகப் பிரித்தால் 32,768. கெர்னல் தனக்கு எடுத்துக்கொண்டது போக, உங்கள் எண் அதைவிடச் சற்றுக் குறைவாக வர வேண்டும். பைட்டுகளில் 13,42,17,728-க்குக் கீழே, ஆகவே 'இன்ட்'டுக்குள் அடங்கும். எண்ணை அச்சிடுங்கள், எஸ்பிஆர்கே(4096) அழையுங்கள், மறுபடி அச்சிடுங்கள். சரியாக 4096 குறைந்திருந்தால் உங்கள் வாசல் வேலை செய்கிறது. 8192 குறைந்திருந்தாலும் பதற வேண்டாம். உங்கள் பேஜ் டேபிள் வளர்வதற்கே ஒரு பக்கம் தேவைப்பட்டிருக்கும்.